வகுப்பறைக் கதவு: உள்ளிருந்து பூட்ட வேண்டும், ஒரே அசைவில் திறக்க வேண்டும்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் என்னிடம் பலதும் கேட்பார்கள். வாடகை எவ்வளவு, சமைத்துச் சாப்பிட முடியுமா, குளிர் தாங்குமா. எல்லாம் கேட்டு முடித்தபின், போனை வைக்கும் நேரத்தில், தயங்கித் தயங்கி இன்னொன்று வரும்: "அங்க காலேஜுக்குள்ளயே துப்பாக்கியால சுடறாங்களாமே, பயமில்லையா தம்பி?"

பயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கட்டடத் துறையில் இருக்கிறேன். ஒரு கட்டடத்தில் எந்தக் கதவுக்கு எந்தக் கீல், எந்தக் கைப்பிடி, எந்தப் பூட்டு என்று பட்டியல் போடுவது என் வேலையின் ஒரு பகுதி. அதனால் இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் கதவிலிருந்துதான் தொடங்குகிறது. பல்கலைக்கழக வகுப்பறையின் கதவிலிருந்து.

துப்பாக்கி ஏன் அமெரிக்காவில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பது முக்கியமான கேள்வி. அதைப் பேசத்தான் வேண்டும், பேசுகிறவர்கள் பேசிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் அது முடிவுக்கு வரும் நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது. வகுப்பறைக் கதவுக்குச் சரியான பூட்டு போட வாஷிங்டனில் யாரும் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. பல்கலைக்கழக நிர்வாகம் மனது வைத்துக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் ஒரு கோடை விடுமுறைக்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். இந்தப் பதிவு அதைப் பற்றி.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு. இந்தச் செய்தி தமிழ்நாட்டில் பலருக்கு நினைவிருக்கும். இறந்த 32 பேரில் ஒருவர் நம் ஊர்க்காரர். பேராசிரியர் ஜி.வி.லோகநாதன், ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் சிவில் படித்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்., பர்டியூவில் முனைவர் பட்டம் பெற்று, கால் நூற்றாண்டு அந்தப் பல்கலைக்கழகத்தில் நீரியல் சொல்லிக்கொடுத்தவர். நல்ல ஆசிரியர் என்று அங்கே விருதுகள் வாங்கியவர். அன்று காலை நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தின் இரண்டாவது மாடியில், 206ஆம் எண் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவரும் அவருடைய மாணவர்களில் ஒன்பது பேரும் அந்த அறையிலேயே இறந்தார்கள்.

அந்தக் காலையைக் கதவு கதவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். வர்ஜீனியா மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அதைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது கதவுகள்தான்.

முதலில் வெளிவாசல்கள். கொலையாளி நாரிஸ் ஹாலின் மூன்று பிரதான வாசல்களையும் உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டினான். திறந்தால் குண்டு வெடிக்கும் என்று ஒரு கதவில் சீட்டும் ஒட்டியிருந்தான். அந்த வாசல்களில் இருந்தவை, அழுத்தினால் திறக்கும் குறுக்குக் கம்பி வைத்த கதவுகள். நெருப்பு பிடித்தால் கூட்டம் முட்டித் தள்ளி வெளியேறுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் கம்பிக்கும் கதவுக்கும் நடுவே சங்கிலி நுழைய இடம் இருந்தது. அவசர அழைப்பு போன மூன்று நிமிடத்தில் போலீஸ் வந்துவிட்டது. உள்ளே நுழைய மேலும் ஐந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் சங்கிலி போடாத வேறொரு கதவின் சாவிப்பூட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைத்துத்தான் நுழைந்தார்கள்.

அடுத்தது வகுப்பறைக் கதவுகள். இவற்றை உள்ளிருந்து பூட்ட வழியில்லை.

திறக்க வேண்டிய கதவு திறக்கவில்லை, பூட்ட வேண்டிய கதவு பூட்டவில்லை. ஒரே கட்டடத்தில், ஒரே காலையில், பத்துப் பன்னிரண்டு நிமிட நேரத்துக்குள். அந்த நேரத்தில் 174 தோட்டாக்கள் சுடப்பட்டன. நாரிஸ் ஹாலில் மட்டும் 30 பேர் இறந்தார்கள்.

இனி அறை அறையாகப் பார்க்கலாம். 205ஆம் அறையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். துப்பாக்கியோடு ஆளைக் கண்டதும் உள்ளே ஓடி ஒரு பெரிய மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தள்ளிப் பார்த்தான், கதவு வழியாகச் சுட்டும் பார்த்தான். உள்ளே வர முடியவில்லை. அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை. 207இல் முதல் தடவை நுழைந்து சுட்டுவிட்டுப் போனான். ஆசிரியரும் மாணவர் நால்வரும் இறந்த அந்த அறையில், உயிர் பிழைத்த மாணவர்கள் காயங்களோடு கதவைக் கையாலும் காலாலும் அழுத்திப் பிடித்தார்கள். அவன் திரும்பி வந்தான், நுழைய முடியவில்லை. 204இல் லிவியு லிப்ரெஸ்கு என்ற 76 வயதுப் பேராசிரியர். ருமேனியாவில் பிறந்த யூதர், நாஜிகளின் இன அழிப்பிலிருந்து சிறுவயதில் தப்பியவர். அவர் தன் உடம்பையே கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றார். அந்த அவகாசத்தில் மாணவர்கள் பலர் சன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள். அவர் இறந்தார். மும்பையிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த மினல் பாஞ்சாலும் அந்த அறையில்தான் இறந்தார். மூன்றாவது மாடியில் கெவின் கிரனாட்டா என்ற பேராசிரியர் மாணவர்களைத் தன் அலுவலக அறைக்குள் அனுப்பிப் பூட்டினார். வகுப்பறையில் இல்லாத பூட்டு அவருடைய அலுவலக அறையில் இருந்தது. அந்த மாணவர்கள் அனைவரும் பிழைத்தார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்கக் கீழே இறங்கிய அவர் பிழைக்கவில்லை.

கதவு சில நிமிடம் தாக்குப்பிடித்த இடங்களில் உயிர்கள் மிஞ்சின. 206இலும், பிரெஞ்சு வகுப்பு நடந்த 211இலும் கதவு பிடிக்கவில்லை. 211இல் பன்னிரண்டு பேர். ஒரு 76 வயது மனிதர் உடம்பால் செய்ததை ஒரு நல்ல பூட்டு செய்திருக்க வேண்டும். வீரத்தைப் போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். ஆனால் பூட்டு இல்லாத குறையை ஆசிரியரின் உயிரால் நிரப்பும் நிலை எந்தக் கட்டடத்திலும் வரக் கூடாது.

"சரி, பூட்டு போட வேண்டியதுதானே, இதில் என்ன சிக்கல்?" என்று தோன்றும். சிக்கல் இருக்கிறது. அது நெருப்பிலிருந்து வருகிறது.

1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா தியேட்டரில் தீப்பிடித்து 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பூட்டிய கதவுகள், உள்பக்கமாகத் திறக்கும் கதவுகள், எப்படித் திறப்பதென்றே கூட்டத்துக்குப் புரியாத தாழ்கள். அந்தக் காட்சிக்குப் போக இருந்து போகாமல் போனவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி. கதவு திறக்காததால் மனிதர்கள் சாவதா என்று வேதனைப்பட்டு, ஒரு பொறியாளரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்ததுதான், உடம்பு பட்டாலே திறந்துகொள்ளும் அந்தக் குறுக்குக் கம்பி. அது 1908இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் மால்களிலும் தியேட்டர்களிலும்கூட அதைப் பார்க்கலாம். 1958இல் அதே சிகாகோவில் ஒரு பள்ளித் தீயில் 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் இறந்தார்கள். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கின்றன: உள்ளே இருப்பவர் எப்போதும் சாவி இல்லாமல், கருவி இல்லாமல், தனிப் பயிற்சி இல்லாமல் கதவைத் திறந்து வெளியேற முடிய வேண்டும். இந்த விதி ரத்தத்தில் எழுதப்பட்டது. அதைத் தளர்த்துங்கள் என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. துப்பாக்கிக்குப் பயந்து நெருப்பை மறந்தால், நாம் தப்பவைக்க நினைக்கும் அதே பிள்ளைகளைத்தான் இழப்போம்.

நல்ல செய்தி என்னவென்றால், இரண்டையும் ஒன்றாகச் செய்யும் பூட்டு பல ஆண்டுகளாகக் கடையில் கிடைக்கிறது. நம் வீட்டுக் குளியலறைக் கதவில் இருக்கும் பொத்தான் பூட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே பொத்தானை அழுத்தினால் வெளிக் கைப்பிடி அசையாது, உள்கைப்பிடியைத் திருப்பினால் பூட்டு தானே விடுபட்டுக் கதவு திறந்துவிடும். வகுப்பறைக்குத் தேவை அந்தக் குணம்தான், பல மடங்கு உறுதியான உலோகத்தில். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகளின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கதவைத் திறந்து வெளியே எட்டாமலே உள்ளிருந்து பூட்ட முடிய வேண்டும். உள்ளிருந்து வெளியேற சாவியோ கருவியோ கேட்கக் கூடாது. வெளியிலிருந்து அதிகாரம் பெற்றவர் சாவி போட்டுத் திறக்க முடிய வேண்டும். பூட்டின் கைப்பிடி தரையிலிருந்து 34 அங்குலத்துக்கும் 48 அங்குலத்துக்கும் இடையே இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கை எட்ட வேண்டும், விரல்களால் இறுக்கிக் கிள்ளித் திருக வேண்டிய அமைப்பாகவும் இருக்கக் கூடாது.

பிறகு ஏன் இன்னும் எத்தனையோ வகுப்பறைகளில் இது இல்லை? காரணம் பழைய பூட்டுகளின் குணம். வகுப்பறைப் பூட்டு என்றே பல பத்தாண்டுகளாக விற்கப்பட்ட வகைக்கு வெளிப்பக்கம் மட்டுமே சாவித்துளை. காவலாளி மாலையில் வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார், காலையில் திறப்பார். உள்ளே இருக்கும் ஆசிரியர் பூட்ட வேண்டுமானால் கதவைத் திறந்து, நடைவழியில் தலையை நீட்டி, வெளித்துளையில் சாவி போட வேண்டும். துப்பாக்கிக்காரன் நடமாடும் நடைவழியில்! 2018இல் துப்பாக்கிச் சூடு நடந்த ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் இருந்தவையும் இப்படி வெளியிலிருந்து சாவி போடும் பூட்டுகள்தான். ஸ்காட் பைகல் என்ற புவியியல் ஆசிரியர் ஓடிவந்த மாணவர்களை உள்ளே விடக் கதவைத் திறந்தார், வாசலிலேயே சுடப்பட்டு இறந்தார்.

சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளிக் கொலைகளை ஆராய்ந்த கனெக்டிகட் மாநிலக் குழு 2015இல் தந்த இறுதி அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. தங்கள் முன் வைக்கப்பட்ட சாட்சியங்களின்படி, பூட்டிய வகுப்பறைக் கதவை உடைத்துக்கொண்டு துப்பாக்கிக்காரன் உள்ளே போன சம்பவம் அதுவரை ஒன்றுகூட இல்லை என்று அந்தக் குழு சொன்னது. இப்படிப்பட்ட தாக்குதல்கள் நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. பூட்டிய கதவோடு மல்லுக்கட்ட அவனுக்கு நேரமில்லை, அடுத்த கதவுக்குப் போகிறான். எல்லாக் கதவும் பூட்டியிருந்தால் அவனுக்குப் போக இடமில்லை. இது போதாதா?

பள்ளிகளில் பல இடங்களில் இந்தப் பாடம் ஏறியது. பல்கலைக்கழகங்களில் மெதுவாகத்தான் ஏறுகிறது. அதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் ஓர் அறைக்கு ஓர் ஆசிரியர் இருப்பார், சாவி அவர் கழுத்திலேயே தொங்கும். பல்கலைக்கழகத்தில் வகுப்பறை யாருடையதும் அல்ல. காலை எட்டு மணிக்கு இயற்பியல், பத்துக்கு வரலாறு, மதியம் வேறு துறை, மாலையில் மாணவர் சங்கக் கூட்டம். பாடம் எடுப்பவர் பேராசிரியராக இருக்கலாம், ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியராக இருக்கலாம், நம் ஊரிலிருந்து போய் டி.ஏ. என்ற துணை ஆசிரியர் வேலை பார்க்கும் மாணவராகவும் இருக்கலாம். இவர்கள் எல்லோரிடமும் எல்லா அறைகளுக்கும் சாவி தர முடியுமா? தந்தால் அந்தச் சாவிகள் எங்கெங்கே போகும்? அதனால்தான் உள்பக்கமும் சாவித்துளை வைத்த பூட்டு பள்ளிக்குப் பொருந்தினாலும் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது என்பது என் தீர்மானமான கருத்து. சாவி இருப்பவர் அறையில் இல்லாத நாளில் அது பூட்டே அல்ல. இருந்தாலும், கை நடுங்கும் நேரத்தில் பையைத் துழாவிச் சாவியை எடுத்து, எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வேண்டியது சாவியில்லாமல் யார் வேண்டுமானாலும் அழுத்தும் பொத்தான், அல்லது திருப்பும் குமிழ்.

இதற்கு ஒரு எதிர்ப்பு எழும், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. யார் வேண்டுமானாலும் உள்ளிருந்து பூட்டலாம் என்றால், கெட்ட எண்ணம் கொண்டவனும் பூட்டலாமே? ஒரு மாணவியைத் தனியே அறைக்குள் வைத்துப் பூட்டினால்? நியாயமான பயம். இதற்குப் பதில் இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து சாவியால் எப்போதும் திறக்க முடிகிற பூட்டாக இருக்க வேண்டும், அந்தச் சாவி வளாகக் காவலர் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். இரண்டு, வகுப்பு இல்லாத நேரத்தில் அறைகள் பூட்டிக் கிடக்க வேண்டும். நள்ளிரவில் வெறும் வகுப்பறை திறந்து கிடப்பதே அந்த ஆபத்தின் பாதி.

இந்தப் பயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, சந்தையில் கூவி விற்கப்படும் முட்டுக் கருவிகள். கதவின் அடியில் செருகும் இரும்புத் தகடு, கதவை மூடும் கைமீது மாட்டும் உறை, நிலையோடு சேர்த்துக் கட்டும் பட்டை. விலை மலிவு, பார்க்க உறுதி. பெற்றோர் சங்கங்கள் பணம் திரட்டி வாங்கித் தருகின்றன. 2015இல் ஒஹையோ மாநிலம் விதியைத் திருத்தி இவற்றை அனுமதித்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. இழுப்பறையிலிருந்து எடுத்து மாட்டத் தெரிந்த ஒருவர் அறையில் இருக்க வேண்டும். கழற்றத் தெரியாதவர் புகைக்குள் மாட்டிக்கொள்வார். வெளியிலிருந்து போலீஸும் திறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கருவி கொலைகாரன் கையிலும் கிடைக்கும். 2006இல் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்களின் ஓரறைப் பள்ளியில் நுழைந்தவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கொண்டுவந்த பலகைகளால் கதவை உள்ளிருந்து அடைத்தது. ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். நாரிஸ் ஹாலில் சங்கிலி செய்ததும் அதே வேலைதான். வெளியிலிருந்து திறக்கவே முடியாதபடி கதவை அடைக்கும் எதையும் வகுப்பறையில் வைப்பது அவனுக்கு நாமே எடுத்துக் கொடுப்பதாகும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் அறையானால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் முட்டினால் திறந்துகொள்ள வேண்டுமே. பல்கலைக்கழகத்தின் பெரிய வகுப்பறைகள் எல்லாம் இந்த வகை. இங்கே மேசையை முட்டுக் கொடுத்துப் பயனில்லை, வெளியில் நிற்பவன் இழுத்தால் கதவு அவன் பக்கம் போய்விடும். 2016 ஜூன் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பொறியியல் பேராசிரியர் அவருடைய அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். எத்தனை பேர் சுடுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் வளாகம் முழுவதும் அடைபட்டுக் கிடந்தது. அன்று மாணவர்கள் வெளியிட்ட படங்கள் உலகம் முழுக்கப் பரவின. வெளிப்பக்கம் திறக்கும், பூட்டே இல்லாத கதவுகள். இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து, மின்கம்பியை உருவி, கதவின் கைப்பிடியை நாற்காலியோடும் மேசையோடும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வர்ஜீனியா டெக் நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்னும் ஏழு ஆண்டுகள் தள்ளி, 2023 பிப்ரவரி 13, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். இரவு எட்டு மணிக்கு மேல் பெர்க்கி ஹால் வகுப்பறையிலும் மாணவர் மன்றக் கட்டடத்திலும் சுட்டவன் அந்தப் பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவன். மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் பலத்த காயமடைந்தார்கள். அதன்பிறகுதான் மாலை ஆறு மணிக்கு மேல் பெரும்பாலான கட்டடங்களுக்குள் நுழைய அடையாள அட்டை வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சுமார் 1,300 வகுப்பறைக் கதவுகளுக்குப் பூட்டு போடும் வேலையும் அதன்பிறகுதான் அறிவிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. நாரிஸ் ஹாலின் பாடம் அங்கே போய்ச் சேரப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மின்னணுப் பூட்டுகளைப் பற்றி எப்போதும் கேட்பார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் வளாகத்தின் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளுமாமே என்று. முடியும். வெளிவாசல்களுக்கு அது மிக நல்லது, அங்கே செலவழியுங்கள். மாலை ஆறு மணிக்குத் தானே பூட்டிக்கொள்ளும், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவும் இருக்கும். ஆனால் வகுப்பறைக் கதவு ஒவ்வொன்றுக்கும் அதைப் போட நினைத்துக் காசு சேரும்வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் நிர்வாகங்கள் உண்டு. மின்னணுப் பூட்டுக்கு ஆகும் செலவில் பல சாதாரண பூட்டுகளை மாற்றிவிடலாம். பழைய கதவில் ஏற்கெனவே நல்ல தரமான பூட்டு இருந்தால், முழுவதும் மாற்றாமல் உள்பாகங்களை மாற்றியே உள்ளிருந்து பூட்டும் வகையாக ஆக்கிக்கொள்ளவும் பல நேரங்களில் முடியும். மின்னணுப் பூட்டே போட்டாலும், பேட்டரி தீர்ந்தாலும் வலையமைப்பு அறுந்தாலும் வேலை செய்யும் கைப்பொத்தான் ஒன்று உள்பக்கம் இருந்தே ஆக வேண்டும். ஆபத்தை முதலில் பார்ப்பவர் அறையில் இருப்பவர். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குத் தகவல் போய்ச் சேர நேரம் ஆகும்.

கதவிலும் கதவருகிலும் உள்ள கண்ணாடி அடுத்த பலவீனம். பார்க்லேண்டில் கொலையாளி ஒரு வகுப்பறைக்குள்ளும் கால் வைக்கவில்லை. வகுப்பறைக்குள் இருந்தவர்களைக் கதவின் கண்ணாடி வழியாகவே சுட்டான். சாண்டி ஹூக்கில் பூட்டிய பிரதான வாசலுக்குப் பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து நுழைந்தான். கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது. நான் மேலே சொன்ன மற்ற பயங்களுக்கு அதுதான் பாதுகாப்பு, உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும். குறுகலான கண்ணாடியாக, கை விட்டுப் பூட்டை எட்ட முடியாத பக்கத்தில், உடைந்தாலும் உதிராமல் பிடித்துவைக்கும் படலம் ஒட்டி வைக்கலாம். கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை எது என்று தரையில் குறியிட்டும் வைக்கலாம்.

இனி, யாரும் பேச விரும்பாத பராமரிப்பு. டெக்சஸ் மாநிலம் யுவால்டி தொடக்கப்பள்ளியில் 2022 மே 24 அன்று துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். 111ஆம் அறைக் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளாது என்பது பள்ளியில் பலருக்கும் முன்பே தெரிந்த விஷயம். வெளிக்கதவை ஓர் ஆசிரியை இழுத்து மூடினார், அது மூடியதே தவிரப் பூட்டிக்கொள்ளவில்லை. பிறகு நடைவழியில் நின்ற போலீஸ், வகுப்பறைக் கதவு பூட்டியிருக்கிறது என்று நம்பிச் சாவிக்காகக் காத்திருந்தது. அநேகமாக அது பூட்டப்படவே இல்லை என்று விசாரணைகள் சொல்கின்றன. அவர்கள் உள்ளே நுழைய 77 நிமிடங்கள் ஆயின.

கதவு வேலை தெரிந்த எவருக்கும் இது எப்படி நடக்கிறது என்று தெரியும். கட்டடம் சற்று இறங்கும், கீல் தளரும், பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்கு நேராக விழாது. அல்லது ஏ.சி. காற்றின் அழுத்தம் கதவைக் கடைசி அரை அங்குலத்தில் நிறுத்தும். மூடிய மாதிரி இருக்கும், இழுத்தால் வந்துவிடும். புகார்ச் சீட்டு எழுதுவார்கள், வேறு அவசர வேலைகளுக்குக் கீழே அது போய்ச் சேரும். இன்னொரு பழக்கம், தாமதமாக வரும் மாணவர்களுக்காக எழுந்துபோய்த் திறக்கச் சலித்துக் கதவுக்கு ஆப்பு வைப்பது, பூட்டின் நாக்கு விழாதபடி காந்தப்பட்டை ஒட்டிவைப்பது. பெரும்பாலும் அவை தீத்தடுப்புக் கதவுகள். மூடினால் நாக்கு விழுந்து பிடித்தால்தான் தீயைத் தடுக்கும். அந்தப் பட்டை இரண்டு பாதுகாப்பையும் ஒன்றாகக் கெடுக்கிறது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒருவர் கையில் பட்டியலோடு ஒவ்வொரு வகுப்பறைக்கும் போய், கதவை மூடி, பூட்டி, இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டியிருக்கிறதா இல்லையா என்று உள்பக்கம் சிவப்பு, பச்சை நிறத்தில் காட்டும் பூட்டுகள் கிடைக்கின்றன, புதிதாக வாங்குகிறவர்கள் அதையே வாங்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் கதவுக்குப் பக்கத்தில் போய் இழுத்துப் பார்க்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

எச்சரிக்கைச் செய்தியும் பூட்டும் ஒன்றுக்கொன்று துணை. வர்ஜீனியா டெக்கில் அன்று காலை 7.15 மணிக்கே விடுதியில் இருவர் சுடப்பட்டுவிட்டார்கள். வளாகத்துக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26க்கு. நாரிஸ் ஹாலில் சூடு தொடங்கியது 9.40 அளவில். இன்று சட்டப்படி உடனடி எச்சரிக்கை தந்தாக வேண்டும், செல்பேசிக்கு நொடிகளில் செய்தி வருகிறது. "கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள்" என்று வரும் அந்தச் செய்தியைப் படிக்கும் மாணவரின் அறையில் பூட்டு இல்லையென்றால் அந்தச் செய்தியால் என்ன பயன்?

அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பயந்து பயந்து படிக்கச் சொல்லவில்லை. புதிய பருவத்தின் முதல் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பறையிலும் கதவை ஒருமுறை பாருங்கள். உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, உள்பக்கம் பொத்தானோ குமிழோ இருக்கிறதா, வேறு வழி எங்கே இருக்கிறது. டி.ஏ.வாகப் பாடம் எடுப்பவர்களானால் கட்டாயம் பூட்டிப் பாருங்கள், உங்கள் மாணவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பூட்டு இல்லை, அல்லது மூடினால் பிடிக்கவில்லை என்றால் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு அறை எண்ணோடு எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கிடப்பில் போகும், ஆகவே பட்டதாரி மாணவர் சங்கம் மூலமாகவும் எழுதுங்கள். பதிலில் தேதி கேளுங்கள்.

பெற்றோரே, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையும் கட்டணமும் பார்க்கிறோம். சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதும் மடலில் இந்த ஒரு கேள்வியையும் சேருங்கள்: "உங்கள் வகுப்பறைகளை உள்ளிருந்து சாவியில்லாமல் பூட்ட முடியுமா?" ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக் கூடிய கேள்வி இது. நிறையப் பேர் கேட்டால், இல்லை என்று எழுத வெட்கப்படுவார்கள். கேளுங்கள்.